கூறியவர் யார்?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் தம்பி. தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி நமக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "இக்கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று கூறப்படுகிறது." உங்கள் கட்டுரையிலும் இருக்கிறது. ஒரே வரியில் மூன்று கோளாறுகள்.

முதலாவது, கோபுரம். கருவறைக்கு மேல் எழுவது விமானம். வாயிலின் மேல் நிற்பதுதான் கோபுரம். கேரளாந்தகன் வாயில், இராஜராஜன் வாயில் என்று இங்கே கோபுர வாயில்கள் தனியாகவே இருக்கின்றன. நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, நிழல். சாயங்காலம் போய்ப் பாருங்கள், சுமார் 60 மீட்டர் உயர விமானத்தின் நிழல் நந்தி இருக்கும் கிழக்குப் பக்கம் நீண்டு கிடக்கும். இந்தப் பேச்சு எழக் காரணமும் இருக்கிறது. விமானம் அடியில் அகன்று மேலே போகப் போகக் குறுகுகிறது. வெயில் தலைக்கு நேரே நிற்கும் மாதங்களில், உச்சிப் பொழுதில், அதன் நிழல் அதன் மேலேயே அடங்கிவிடும். இதை எழுதியிருந்தால் வாசகர் ஒரு விஷயம் கற்றிருப்பார்.

மூன்றாவதுதான் எனக்குக் கோபம் வரவைப்பது: 'கூறப்படுகிறது.' கூறியவர் யார்? கல்வெட்டா, ஆய்வாளரா, வழிகாட்டியா? "ஊரில் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு" என்றால் நான் கை வைக்க மாட்டேன், அது நேர்மையான வரி. ஆளை மறைக்கும் வினைச்சொல், சரிபார்க்காததையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள். முதலாம் இராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சியில் வைக்க ஒரு செப்புக்குடம் கொடுத்தான். செம்பின் எடை 3,083 பலம், அதன்மேல் போர்த்திய பொன் 2,926½ கழஞ்சு. கொடுத்தவர், நாள், எடை எல்லாம் கல்லில் இருக்கின்றன. அரைக் கழஞ்சைக்கூட அவர்கள் விடவில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் நீங்களே பார்க்கலாம்.

அதனால் நிழல் வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தக் குடத்தை எழுதுங்கள். படிப்பவருக்கு வியப்புக்கு வியப்பும் ஆச்சு. யாராவது ஆதாரம் கேட்டால், எடுத்துக் காட்ட நம்மிடம் கல்வெட்டும் இருக்கும்.