வந்த காவலர்கள் திரும்பிப் போனார்களா?

காய் நறுக்கும்போது அரிவாள்மணை விரலைப் பதம் பார்த்துவிடுகிறது. இடம் சிவந்து வீங்குகிறது. 'விண் விண்'ணென்று தெறிக்கிறது. நாலைந்து நாளில் எல்லாம் அடங்கிவிடுகிறது. கிருமிகளோடு சண்டை போட வெள்ளையணுக்கள் ஓடி வருவதன் அடையாளம் அது என்று படித்திருக்கிறோம். சரி, அவற்றை யார் கூப்பிட்டது? வேலை முடிந்ததும் எங்கே போகின்றன? எனக்கு வெகு நாளாக இருந்த சந்தேகம் இது. பதில் சொன்னது ஒரு துளியூண்டு மீன்குஞ்சு என்றால் நம்புவீர்களா?

கண்ணாடித் தொட்டிகளில் பார்த்திருப்பீர்களே, உடம்பில் நீலக் கோடு போட்ட ஸீப்ரா மீன்? அதன் குஞ்சுதான். கங்கைப் பக்கத்து நீரோடைகள் இதற்குப் பிறந்த வீடு. அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1970-களில் இதை ஆராய்ச்சிக்கு ஏற்ற மீனாக்கினார். மூன்று நாள் குஞ்சின் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். மயக்க மருந்து கொடுத்து, வால் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, உள்ளே நடப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். ஜெல்லி மீனின் ஜீன் ஒன்றைச் சேர்த்து வளர்த்த குஞ்சுகளில் வெள்ளையணுக்கள் பச்சையாக மின்னும்!

2009-ல் ஹார்வர்ட் விஞ்ஞானிகள் கண்டது இது: வெட்டுப்பட்ட சில நிமிஷங்களில், முதல் வெள்ளையணு வருவதற்கு முன்பே, காயத்து ஓரத்தில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகிறது. மருந்துக் கடையில் வாங்கிப் புண்ணில் விட்டால் நுரைக்குமே, அதேதான்! அதுதான் அழைப்பு. (அதற்காகக் கடை மருந்தைத் திரும்பத் திரும்ப ஊற்றாதீர்கள். புதிதாக வளரும் சதையையும் அது கெடுக்கும்.)

இரண்டாவது கேள்விக்கு 2006-லேயே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் விடை கிடைத்துவிட்டது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் காயத்திலேயே மடிந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். குஞ்சின் வாலிலோ, அவற்றில் பல ரத்தக் குழாய்ப் பக்கமே திரும்பிப் போயின!

இதில் நமக்கு என்ன? காவலர்கள் கிளம்பாமல் தங்கிவிட்டால், கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் சரக்கு நம் சதையையே அரிக்கும். வருஷக்கணக்கில் விறகுப் புகையை இழுத்த பெண்களுக்கு வரும் மூச்சடைப்பு நோயிலும் இந்தக் கேடு உண்டு. 2014-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆராய்ச்சியாளர்கள், சீன வைத்திய மூலிகை ஒன்றிலுள்ள டான்ஷினோன் என்ற பொருள் குஞ்சின் வாலிலிருந்து நியூட்ரோஃபில்களைச் சீக்கிரமே கிளப்பிவிடுவதைக் கண்டார்கள். மீனுக்குப் பலித்தது மனுஷருக்கும் பலிக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

ஆகவே, காயம் லேசாகச் சிவந்தால் பதற வேண்டாம். ஆனால் நாளாக ஆக வடியாமல் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ, 'தானே சரியாகும்' என்று உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.