போரும் ஏரும்

மழைக்காலத்தில் மலைப்பாதை சரிந்து லாரி நின்றுவிட்டால், வடகவுஞ்சியில் பறித்த பீன்ஸ் மூட்டையிலேயே அழுகும் என்பதை நாம் அறிவோம். மண்ணை அள்ளினால் வழி திறந்துவிடும். ஆனால், வழியை இனப்பகை அடைத்தால்?

இலங்கையின் யாழ்ப்பாணத்தைப் பார்ப்போம். அங்கு வற்றாத ஆறு கிடையாது. உழவர்கள் கிணற்று நீரை இறைத்தே வெங்காயமும் மிளகாயும் விளைவித்துக் கொழும்புக்கும் அனுப்பி வந்தனர். 1983-இல் போர் மூண்டது. 1990-க்குப் பின், எரிபொருளும் உரமும் வடக்கே செல்ல அரசு தடை விதித்தது. யூரியாவைக் கொண்டு வெடிமருந்து செய்யலாம் என்பது அதன் அச்சம். மண்ணெண்ணெய் இன்றி நீரிறைக்கும் இயந்திரங்கள் நின்றன. வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்கள் இராணுவப் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. ஊருக்கு உணவளித்தவர்கள் முகாம்களில் நிவாரண அரிசிக்குக் காத்திருந்தனர்.

துன்பம் ஓர் இனத்தோடு நிற்கவில்லை. 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாறு மதகை மூடியபோது, சிங்கள, முஸ்லிம் உழவர்களின் வயல்களுக்கும் நீர் நின்றது. அடுத்த மாதம் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. யாழ்ப்பாணத்து மக்கள் உணவுக்குக் கப்பலையே நம்பினர்.

2009-இல் போர் முடிந்தது. ஆயினும் கண்ணிவெடிகளை அகற்றிய பின்னரே பல நிலங்களில் ஏர் பூட்ட முடிந்தது. பகை விதைத்த நிலத்தில் பசியே விளையும். பசிக்கு இனமும் இல்லை, மொழியும் இல்லை. இதை உணர்ந்து, நம் வகுப்பறையிலேயே ஒற்றுமையை விதைப்போமாக!