பின்தொடர்வதா, நிற்பதா? கால்பந்து வியூகங்கள் எழுப்பும் கேள்வி

கால்பந்து ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களுக்கு முன் தொலைக்காட்சித் திரையில் இரு அணிகளின் வியூகமும் காட்டப்படும். 4-3-3, 3-5-2, 4-2-3-1 என்று எண்கள் வரும். கோல்கீப்பரை விட்டுவிட்டு, தற்காப்பு வரிசையிலிருந்து முன்னோக்கி எண்ணுகிற கணக்கு இது; கூட்டினால் எப்போதும் பத்து. அந்த எண்ணை வைத்தே எந்த அணி துணிந்து ஆடும், எந்த அணி பதுங்கும் என்று விவாதம் தொடங்கிவிடும். ஆனால் 2024 மே 22 அன்று டப்ளினில் நடந்த யூரோப்பா லீக் இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேயர் லெவர்குசன், அட்லாண்டா இரண்டுமே 3-4-2-1 என்ற வியூகத்தில்தான் இறங்கின. அந்த சீசனில் அதுவரை 51 ஆட்டங்களில் தோல்வியே காணாத லெவர்குசன் அன்று 3-0 என்று தோற்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அட்லாண்டாவின் அடெமோலா லுக்மன். எண்கள் ஒன்றாக இருந்தும் ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்தது என்றால், வியூகம் வெற்றி தரும் விதத்தை எண்ணுக்கு வெளியே தேட வேண்டியிருக்கிறது. எதிரணியில் யாராவது ஒருவரை, தன் எதிரே இருப்பவரைத் துரத்திக்கொண்டு போவதா, தன் இடத்திலேயே நிற்பதா என்று திண்டாட வைப்பதுதான் நல்ல வியூகத்தின் வேலை. அவர் போனால் பின்னால் இடம் திறக்கும். நின்றால் முன்னால் ஓர் ஆள் தனியாகக் கிடைப்பார். கடந்த எழுபது ஆண்டுகளில் பெயர் வாங்கிய எந்த வியூகத்தைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இந்தக் கேள்வி இருக்கிறது.

இதை உலகமே பார்க்கும்படி முதலில் கேட்டது ஹங்கேரி. பின்னணி இதுதான்: 1925 வரை, பந்தை வாங்குகிறவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேர் இருந்தால்தான் ஆஃப்சைடு இல்லை. அந்த ஆண்டு விதி இரண்டு பேர் என்று தளர்ந்தது. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஒரே ஆண்டில் கோல்களின் எண்ணிக்கை 1,192-லிருந்து 1,703-ஆக எகிறியது. அடைமழையாகப் பொழிந்த கோல்களைத் தடுக்க, நடுக்களத்தில் உலவிக்கொண்டிருந்த சென்டர் ஹாஃபை இரண்டு பேக்குகளுக்கு நடுவே இறக்கி நிறுத்தினார்கள். ஆர்சனலில் ஹெர்பர்ட் சாப்மன் செம்மைப்படுத்திய இந்த 3-2-2-3 அமைப்புக்கு, மைதானத்தில் தெரியும் எழுத்து வடிவத்தை வைத்து டபிள்யூ-எம் என்று பெயர் வந்தது. முப்பது ஆண்டுகள் இங்கிலாந்து இதையே வேதமாகக் கொண்டது. ஜெர்சி எண்ணே வேலையைச் சொல்லிவிடும்: 5-ஆம் எண் அணிந்தவர் எதிரணியின் 9-ஆம் எண்ணைக் காவல் காக்க வேண்டும். 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளியில் ஹங்கேரியின் 9-ஆம் எண் நாந்தோர் ஹிதெக்குதி, சென்டர் ஃபார்வர்டுக்கு உரிய இடத்தில் நிற்கவே இல்லை. பின்வாங்கி நடுக்களத்துக்கு வந்து பந்தை வாங்கினார். இங்கிலாந்தின் 5-ஆம் எண் ஹாரி ஜான்ஸ்டன் அவரைத் தொடர்ந்து போனால், காலியாகும் நடுப்பகுதிக்குள் ஹங்கேரியின் புஷ்காஷும் கோச்சிஷும் பாய்ந்துவிடுவார்கள். போகாவிட்டால் ஹிதெக்குதி நிதானமாகத் திரும்பி, நிமிர்ந்து, வேண்டிய பாஸைக் கொடுப்பார். ஆட்டம் 6-3 என்று ஹங்கேரி பக்கம் முடிந்தது. ஹிதெக்குதி மட்டும் மூன்று கோல். ஜான்ஸ்டன் மோசமாக ஆடினார் என்று சொல்வது அநியாயம். அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வியில் சரியான விடையே கிடையாது.

பிறகு வந்த வியூகங்கள் இந்தக் கேள்வியை மைதானத்தின் வேறு வேறு இடங்களுக்கு நகர்த்தின. 4-4-2-இல் நான்கு பேர் கொண்ட இரண்டு வரிசைகள் மைதானத்தின் அகலத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். அரிகோ சாக்கியின் மிலன் அந்த வரிசைகளை நெருக்கி நெருக்கி, எதிராளி மூச்சுவிடவும் இடமில்லாமல் ஆடி, 1989-லும் 1990-லும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. இந்த அமைப்பின் பலவீனம் இரண்டு வரிசைகளுக்கு இடைப்பட்ட வெளி. 2004-இல் செல்சிக்கு வந்த ஜோசே மொரின்யோ அந்த வெளியைத்தான் குறிவைத்தார். 4-4-2 ஆடும் அணிக்கு நடு மையத்தில் இரண்டு பேர். 4-3-3 ஆடும் அணிக்கு மூன்று. கிளோட் மக்கலேலே பின்னால், அவருக்கு முன்னே இருவர் என்று முக்கோணம் அமைத்தால், எதிரணியின் இரு நடுக்கள வீரர்கள் முன்னிருவரைப் பிடிக்கும்போது மக்கலேலே தனியாக நிற்பார். அவரை நெருக்க எதிரணி ஸ்டிரைக்கர் ஒருவர் இறங்கி வந்தால், செல்சியின் சென்டர் பேக்குகளில் ஒருவருக்குப் பந்தோடு முன்னேற வழி கிடைக்கும். 2004-05 லீகை 95 புள்ளிகளோடு வென்ற செல்சி, 38 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் வெறும் 15. அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் பெரிய அணிகளிடம் பழைய 4-4-2 அருகிப்போனது. 4-2-3-1 செல்வாக்குப் பெற்றதற்கும் காரணம் இதே மூன்றாவது ஆள்தான். அங்கே முக்கோணம் தலைகீழாகி, தனியாக நிற்பவர் மக்கலேலேயின் இடத்தில் இல்லாமல் ஸ்டிரைக்கருக்குப் பின்னால் இருப்பார்.

2009 மே 2 அன்று ரியால் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில் பெப் கார்டியோலாவின் பார்சிலோனா 6-2 என்று வென்றபோது ஹிதெக்குதியின் கேள்வியே மறுபடி கேட்கப்பட்டது. வலது ஓரத்தில் ஆடிவந்த மெஸ்ஸி நடுவுக்கு மாறினார். நடுவில் ஆடிய எட்டோ வலது ஓரத்துக்குப் போனார். மெஸ்ஸி பின்வாங்கி சாவி, இனியெஸ்டாவோடு சேர்ந்துகொள்ள, மாட்ரிட்டின் காகோவும் லசானா டியாராவும் இருவராக மூவரைச் சமாளிக்க வேண்டியதாயிற்று. பின்னால் கன்னவாரோவும் மெட்செல்டரும் காவல் காக்க ஆளில்லாமல் நின்றார்கள். உலகக் கோப்பையைக் கேப்டனாக ஏந்திய கன்னவாரோவுக்கே அன்று இருப்பதா போவதா என்று தெரியவில்லை என்றால், தனிமனிதத் திறமை எந்த அளவுக்கு மட்டும் காப்பாற்றும் என்பது விளங்கும்.

மூன்று சென்டர் பேக் வைத்த அமைப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது: பின்னால் ஆள் கூடினால் அணி தற்காப்புக்குப் போய்விட்டது என்று. அந்தோனியோ கோன்டேயின் செல்சி 2016 செப்டம்பர் 24 அன்று ஆர்சனலிடம் 3-0 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது அந்த அமைப்புக்கு மாறியது. அடுத்த ஆட்டத்திலிருந்து 3-4-3. தொடர்ந்து 13 லீக் வெற்றிகள், முடிவில் கோப்பை. இதில் கேள்வியை எதிர்கொண்டவர் எதிரணியின் ஃபுல் பேக். செல்சி தாக்கும்போது முன்னால் மூவர். இரு ஓரங்களிலும் விங் பேக்குகள் மார்கோஸ் அலோன்சோ, விக்டர் மோசஸ். ஆக அகலத்தில் ஐந்து பேர். நான்கு பேர் கொண்ட தற்காப்பு வரிசை ஐந்து பேரை எண்ணிக்கையில் ஈடுகட்ட முடியாது. உள்ளே செல்சியின் ஹசார்டைப் பிடிக்க ஃபுல் பேக் நகர்ந்தால் ஓரத்தில் அலோன்சோ. அலோன்சோவிடம் போனால் உள்ளே ஹசார்ட். அந்தத் தொடர் வெற்றியை 2017 ஜனவரி 4 அன்று முடித்துவைத்த டாட்டனமும் மூன்று சென்டர் பேக்குகளோடுதான் வந்தது. ஐந்துக்கு ஐந்து என்றானதும் செல்சியின் உபரி ஆள் காணாமல் போனார்.

இந்தச் சிந்தனையின் உச்சம் என்று 2022-23 மான்செஸ்டர் சிட்டியைச் சொல்வேன். லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்ற அந்த அணியின் வியூகத்தை ஒரே எண்ணில் எழுத முடியாது. பந்து கையைவிட்டுப் போனால் 4-4-2. டி ப்ரைன முன்னேறி ஸ்டிரைக்கர் ஹாலண்டோடு சேர்ந்து எதிரணியின் சென்டர் பேக்குகளை நெருக்குவார். பந்து கிடைத்ததும் தற்காப்பு வரிசையிலிருந்து ஜான் ஸ்டோன்ஸ் முன்னே நகர்ந்து ரோட்ரிக்குப் பக்கத்தில் நடுக்கள வீரராக நிற்பார். பின்னால் மூவர், அவர்களுக்கு முன் இருவர், அதற்கு மேல் ஐவர். ஐவரிலும் டி ப்ரைனயும் குண்டோவனும் சற்றுப் பின்தங்கி நிற்பதால், வரைந்து பார்த்தால் சாப்மனின் 3-2-2-3 அப்படியே கிடைக்கிறது. ஆனால் சாப்மனின் காலத்தில் அது நிலையான வடிவம். சிட்டியிடம் அது ஒரு நகர்வின் முடிவு. சென்டர் பேக் ஒருவர் நடுக்களத்துக்குள் நுழையும்போது அவரை யார் ஏற்பது என்று எந்த அணியின் பட்டியலிலும் முன்கூட்டி எழுதியிருக்காது. எதிரணி ஸ்டிரைக்கர் அவர் பின்னால் ஓடினால் தன் அணி பந்தைப் பறிக்கும்போது முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள். நடுக்கள வீரர் ஏற்றுக்கொண்டால் டி ப்ரைன அவிழ்க்கப்படுவார். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ரியால் மாட்ரிட்டை 4-0 என்று கலங்கடித்தது இந்த அமைப்பு. ஜூன் 10 அன்று இஸ்தான்புல்லில் நடந்த இறுதியாட்டத்தில் இன்டர் மிலனின் 3-5-2 நன்றாகவே ஈடுகொடுத்தது. அங்கேயும் 68-ஆவது நிமிடத்தில் விழுந்த ஒரே கோலைக் கவனியுங்கள். சென்டர் பேக் அகான்ஜி பந்தோடு முன்னேறி, பெட்டிக்குள் பெர்னார்டோ சில்வாவிடம் தள்ளினார். அவர் திருப்பிவிட்ட பந்து ஒருவர்மேல் பட்டு வர, ஓடிவந்து வலைக்குள் அனுப்பியவர் ரோட்ரி, தற்காப்புக்கு முன் நிற்க வேண்டிய நடுக்கள வீரர். அந்த சீசனின் லீகில் 36 கோல் அடித்த ஹாலண்டின் மேல் கண்வைத்திருந்தவர்களுக்கு, முதலில் சென்டர் பேக்கும் கடைசியில் ரோட்ரியும் வந்து சேரும் தாக்குதலைக் கணக்கிடுவது எளிதல்ல.

அப்படியானால் திரையில் வரும் எண்கள் வெறும் அலங்காரமா என்று கேட்கலாம். பல பயிற்சியாளர்களே அவற்றைத் தொலைபேசி எண்ணைப் போல என்று ஒதுக்கிவிடுவதுண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பந்து இல்லாத நேரத்தில் எண்கள் பெரும்பாலும் உண்மையே பேசும். பந்தோடு ஆடும்போது ஆட்டக்காரர் எங்கும் அலையலாம். பந்து பறிபோன அந்த நொடியில் ஒவ்வொருவரும் ஓடிப்போய்ச் சேர வேண்டிய இடம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இந்த ஒழுங்கை மட்டுமே மூலதனமாக வைத்து அட்லெட்டிகோ மாட்ரிட் 2014-இல் ஸ்பெயின் லீகையும், லெஸ்டர் சிட்டி 2016-இல் இங்கிலாந்து லீகையும் வென்றன. இரண்டும் காலாவதியானதாகச் சொல்லப்பட்ட 4-4-2. 2022 உலகக் கோப்பையில் மொராக்கோ 4-1-4-1-இல் இறுகி நின்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் ஆடிய ஸ்பெயினை 120 நிமிடம் கோலின்றி நிறுத்தி, பெனால்டியில் வென்றது. இந்த அணிகள் செய்ததும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான்: யாரும் பின்தொடர வேண்டாம், எல்லோரும் நிற்போம், பந்து நமக்கு வெளியே எவ்வளவு சுற்றினாலும் சுற்றட்டும். நிற்பது என்று பதினொரு பேரும் ஒருமனதாக முடிவெடுத்துவிட்டால் கேள்வியின் முனை மழுங்கிவிடுகிறது. அதற்குத் தேவைப்படும் பொறுமை எல்லா அணிக்கும் வாய்ப்பதில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது. மெஸ்ஸி இருந்தால் எந்த வியூகமும் ஜெயிக்கும், வியூகம் என்பது வென்ற பிறகு சொல்லும் விளக்கம் என்பது அது. இதில் பாதி உண்மை இருக்கிறது. விங் பேக்காக ஓடத் தெம்புள்ளவர் இல்லாத அணி 3-4-3 ஆடினால் ஐந்து பேர் பின்னாலேயே முடங்குவார்கள். ஆனால் மறுபாதியை விக்டர் மோசஸ் காட்டுகிறார். 2013-லிருந்து மூன்று சீசன்கள் செல்சி அவரை லிவர்பூல், ஸ்டோக், வெஸ்ட் ஹாம் என்று அடுத்தடுத்துக் கடனாக அனுப்பியது. விங்கராக அவருக்குச் செல்சியில் இடமில்லை. அவரையே ஓரத்தில் பின்னுக்கு நகர்த்தி, வலது பக்கம் முழுவதையும் ஒப்படைத்த பிறகு சாம்பியன் அணியின் நிரந்தர ஆட்டக்காரரானார். ஆளும் கால்களும் மாறவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்களின் ஏற்பாடுதான் மாறியது. திறமை இருக்கிறதா என்பதைவிட, அது எந்த இடத்தில் எதிராளியைத் திண்டாட வைக்கும் என்று கண்டுபிடிப்பதே பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுப்பதன் பொருள்.

இத்தனை ஏற்பாடுகள் ஆட்டத்தை இயந்திரமாக்கிவிட்டன என்ற வருத்தத்தையும் ஒதுக்கிவிட முடியாது. இடத்தைப் பங்குபோடும் இந்த முறையை மறுத்து, பிரேசிலின் ஃப்ளுமினென்ஸே அணியில் ஃபெர்னாண்டோ தினிஸ் ஆட்டக்காரர்களைப் பந்தைச் சுற்றி ஒரே பக்கத்தில் கூடவிட்டு, சின்னச் சின்ன பாஸ்களில் ஆடவைத்தார். 2023-இல் தென்னமெரிக்காவின் லிபர்டடோரஸ் கோப்பையை அந்த அணி வென்றதைக் கண்குளிரப் பார்க்க முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 4-0 என்று தோற்றது. ஒரு தோல்வியை வைத்து அந்த வழியைக் குழிதோண்டிப் புதைப்பது சரியல்ல. மாற்று வழி ஒன்று உயிரோடு இருப்பது ஆட்டத்துக்கு நல்லது.

இப்போது டப்ளினுக்குத் திரும்பினால், ஜான் பியெரோ காஸ்பெரினியின் அட்லாண்டா செய்தது என்ன என்று புரியும். மொராக்கோ நிற்பது என்று முடிவெடுத்தது. அட்லாண்டா போவது என்று முடிவெடுத்தது. ஒவ்வொரு லெவர்குசன் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்லாண்டா ஆட்டக்காரர். எதிராளி நடுக்களத்துக்கு இறங்கினாலும் ஓரத்துக்கு விலகினாலும் இவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவார். இருபக்கமும் ஒரே வியூகம் என்பதால் ஜோடி சேர்ப்பதும் எளிதாயிற்று. லெவர்குசன் எப்போதும் தேடிக் கண்டுபிடிக்கும் தனியாள் அன்று எங்கும் அகப்படவில்லை. இதில் ஆபத்து கொஞ்சநஞ்சமல்ல: ஜோடிகளில் ஒருவர் ஏமாந்தால் பின்னால் உதவிக்கு ஆளில்லை. ஆனாலும் இந்த ஆளுக்கு ஆள் முறை மற்ற லீகுகளிலும் பரவிவருகிறது. அதற்கு விடை தேடும் பயிற்சியாளர்களின் பார்வை, எண்களில் சேர்க்கப்படாத பதினொன்றாவது ஆளிடம் போய் நிற்கிறது. பத்துப் பேருக்குப் பத்துப் பேர் என்று மைதானம் முழுக்க ஜோடி கட்டிவிட்டால், காலடியில் பந்தோடு யாரும் நெருங்காமல் நிற்பவர் கோல்கீப்பர் ஒருவரே. கோல்கிக்கைப் பெட்டிக்குள்ளேயே நிற்கும் சக ஆட்டக்காரர் வாங்கலாம் என்று 2019-இல் வந்த விதி இதற்கு வசதியும் செய்துகொடுத்தது. எடெர்சன் போல நாற்பது, ஐம்பது மீட்டர் தூரத்துக்கு அளந்து பாஸ் கொடுக்கும் கோல்கீப்பர்களுக்குப் பெரிய அணிகள் கொட்டிக்கொடுப்பது அதனால்தான். கோல்கீப்பரை நெருக்க எதிரணி ஸ்டிரைக்கர் ஓடிவந்தால் அந்த ஸ்டிரைக்கரின் காவலில் இருந்த சென்டர் பேக் அவிழ்ந்துவிடுவார். ஓடிவராமல் நின்றால், கோல்கீப்பர் தலையை உயர்த்தி நடுக்கோடுவரை பார்த்து, தன் பாஸை நிதானமாகத் தேர்ந்தெடுப்பார்.