பருத்த உடல் யார் குற்றம்?

"வாயைக் கட்டத் தெரியாதவள்!" கல்யாணப் பந்தியிலும் கோயில் திருவிழாவிலும் பருத்த பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நம்மவர்கள் சொல்லும் சொல் இது. ஆணுக்கு அவ்வளவு ஏச்சு விழுவதில்லை. அவருடைய தொந்தியை 'வசதி' என்று சொல்லிச் சிரித்துவிடுகிறோம். ஏச்சுக் கேட்டவள் மெலிந்தாளா என்றால், அதுதான் இல்லை. எடை பார்த்துத் திட்டுவார்களே என்று கிளினிக் பக்கமே போகாமல் இருந்து, இனிப்புநீர் முற்றிக் காலில் புண் வந்த பிறகு போகிறவர்கள் நம்மிடையே உண்டு.

பருமன் அவரவர் விருப்பத்தால் வருவதா, சூழ்நிலையால் வருவதா? ஒரு கணக்கைப் பார்ப்போம். சுகாதார அமைச்சின் ஆய்வுப்படி, 1996-ல் மலேசியாவில் பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேருக்கு உடல் பருமன் இருந்தது. 2023-ல் அது 22 பேர் ஆகிவிட்டது. இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்கள் எல்லாருக்குமா ஒரே நேரத்தில் மனவுறுதி கெட்டுப்போனது? மாறியது வேறு.

ஜுரு வட்டாரத்துத் தோட்டங்களில் பெரியவர்கள் பாடுபட்ட நாட்களை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி, ஆளுக்கு நானூறு ஐந்நூறு மரம் குனிந்தும் நிமிர்ந்தும் வெட்டவேண்டும். பிறகு மறுபடியும் அத்தனை மரத்துக்கும் நடந்து மங்குப் பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். சோறு நிறையத்தான் சாப்பிட்டார்கள். கருவாடும் வேலியோரத்து முருங்கைக் கீரையும் அதற்குத் துணை. தேத்தண்ணியில் கட்டிப்பாலும் ஊற்றத்தான் செய்தார்கள்! ஆனால் உள்ளே போனதை எல்லாம் மத்தியானத்துக்குள் பால்மரக்காடு கரைத்துவிட்டது. உடற்பயிற்சி என்ற சொல்லே அங்கு தேவைப்படவில்லை.

பிறகு காடு சுருங்கியது. பிறையில் தொழிற்பேட்டை வந்தது. பக்கத்துப் பத்து காவான் தோட்டம் புதுநகரமானது. 2014-ல் இரண்டாவது பினாங்குப் பாலம் அங்கிருந்துதான் கடலைத் தாண்டியது. தோட்டத்து வீட்டில் பிறந்த பிள்ளைகள் இன்று அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். வாசலுக்கே தொழிற்சாலை பஸ் வருகிறது. நீண்ட ஷிப்டு முழுதும் ஓரிடத்தில் நின்றோ உட்கார்ந்தோ வேலை. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவருக்குச் சமைக்கத் தெம்பு ஏது? மீ கோரேங்கும் ரொட்டி சானாயும்தான் கைக்கு எட்டுகின்றன. தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பதையும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. நடக்கலாம் என்றால் லோரிகள் பறக்கும் சாலையோரத்தில் எங்கே நடப்பது? கீரைக்கொல்லை போட அடுக்குமாடியில் மண்ணும் இல்லை.

இதோடு உடம்பின் கதையும் சேர்ந்துகொள்கிறது. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 1986-ல் வெளிவந்தது. அவர்களின் உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்ததே தவிர, சோறுபோட்டு வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. நம் இனத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பூனா நகருக்கு அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை டாக்டர் யாஜ்னிக் குழுவினர் இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டனர். இங்கிலாந்துக் குழந்தை சராசரி மூன்றரைக் கிலோ. பூனாக் குழந்தை 2.7 கிலோதான். அந்தச் சின்ன உடம்பில் தசை குறைவு. கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை! பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. தாய் வயிற்றிலேயே பற்றாக்குறை கண்ட உடம்பு சேமிக்கப் பழகிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. பஞ்சகாலத்தில் காப்பாற்றும் அந்தக் குணம், காசு கொடுத்தால் எந்நேரமும் சாப்பாடு கிடைக்கும் ஊரில் வினையாகிறது. 2019 ஆய்வில் அளவுக்கு மிஞ்சிய எடையோ பருமனோ உள்ளவர்கள் மலேசிய இந்தியர்களில்தான் அதிகம்: நூற்றுக்குச் சுமார் 64 பேர்.

"அப்படியானால் விதி என்று விட்டுவிடலாமா?" என்று கேட்பீர்கள். விடக்கூடாது. வாய்க்குப் போவது என்ன என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கு நாம் ஏசுகிற அளவுக்குப் பெரியதில்லை. கடைக்குப் போனால் எது மலிவு என்று பாருங்கள். 2018-ல் அரசாங்கம் சீனியை கிலோ 2 வெள்ளி 85 காசு என்று கட்டிவைத்தது. கீரைக்கு அப்படி யார் விலை கட்டினார்கள்? பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சீனிக்கு எதிராக நெடுங்காலமாகக் குரல் கொடுத்துவந்தது. 2019 ஜூலையில்தான் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. 2025-ல் அது 90 காசானது. ஒட்டுக்கடையில் ஆற்றித் தரும் தேயிலைக்கு அந்த வரி கிடையாது. அங்கே 'தே ஓ கோசோங்' என்று கேட்பது நம் வாயில்தான் இருக்கிறது.

தாய்மார்களே, தையல் பெட்டியில் உள்ள அளவு நாடாவை எடுங்கள். ஆசிய ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80-ம் தாண்டினால், ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் இரத்தத்தில் இனிப்பைப் பரிசோதிக்க வேண்டும். வீட்டு ஆண்களின் 'வசதி'யையும் மறக்காமல் அளந்து பாருங்கள். அளவு கூடியவரைக் கேலி செய்யாமல், அரசாங்கக் கிளினிக்குக்கு நீங்களே கூட அழைத்துப் போங்கள்.