சமூக ஆய்வின் அடிப்படைகள்: மானிப்பாய்ப் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

சமூகத்தைப் பற்றிக் கருத்துக் கூறுவோர் நம்மிடையே பலர். சமூகத்தை ஆராய்ந்து கூறுவோர் மிகச் சிலரே. ஓர் ஊரிலே பிறந்து வளர்ந்தவர் அவ்வூரை நன்கறிந்தவர் என்பது பொதுவான நம்பிக்கை. ஆயின் ஒருவர் அறிந்த ஊர் என்பது அவர் நடமாடிய ஒழுங்கைகளும் அவர் ஏறியிறங்கிய வீடுகளும் சேர்ந்ததேயாகும். அவர் காலடி வைக்காத குச்சொழுங்கை ஊரின் பகுதியாக இருந்தும் அவரது அறிவின் பகுதியாக இருப்பதில்லை. இந்த இடைவெளியை முறைப்படி கடப்பதற்கான முயற்சியே சமூக ஆய்வு.

மார்க்சிய நோக்கினை ஏற்றுக்கொண்டோரிடத்தும் இது குறித்து ஒரு மயக்கம் உண்டு. வர்க்க முரண்பாடு சமூகத்தின் அடிப்படை என்பதை ஏற்றுக்கொண்டபின் களத்திற்குச் சென்று அறிய வேண்டியது யாது என்று சிலர் கேட்பர். கார்ல் மார்க்ஸ் அவ்வாறு கருதவில்லை. 1867இல் ‘மூலதனம்’ முதற் பாகத்தை வெளியிட்ட அவர், அதில் ஆங்கிலேயத் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளை விரிவாகப் பயன்படுத்தியிருந்தார். 1880இல் பிரெஞ்சுத் தொழிலாளருக்கென 101 வினாக்கள் கொண்ட வினாக்கொத்து ஒன்றையும் தயாரித்தார். விடைகள் மிகச் சிலவே கிடைத்தன. எனினும், தொழிலாளரின் நிலையைத் தொழிலாளரிடமே கேட்டறிய வேண்டும் என்ற நிலைப்பாடு கவனத்திற்குரியது. கோட்பாடு எதனைக் கேட்க வேண்டும் என்பதை உணர்த்தும்; விடையை முன்கூட்டியே தந்துவிடாது.

1. யாரிடம் கேட்பது?

யாழ்ப்பாணச் சமூகம் குறித்த மிக முந்திய முறைசார் தகவல் திரட்டுக்களுள் ஒன்று தேசவழமைத் தொகுப்பாகும். ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் என்பாரின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் மக்களின் வழக்காறுகளைத் தொகுத்து 1707இல் சமர்ப்பித்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் பார்வையிட்டுச் சரியென ஒப்புதல் அளித்தனர். பின்னர் பிரித்தானியர் ஆட்சியில், 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்குச் சட்ட வலுவளித்தது.

முறையியல் நோக்கில் இந்நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது. தகவலைத் திரட்டியவரே அதனை உறுதிப்படுத்தாது, உள்ளூரவரிடம் சரிபார்த்தமை அதன் சிறப்பு. சரிபார்த்தோர் யாவர் என்பதே அதன் குறை. தேசவழமையில் அடிமைகள் பற்றிய பகுதியொன்று உண்டு. கோவியர், பள்ளர், நளவர் முதலியோர் அதில் அவ்வகையில் இடம்பெறுகின்றனர். ஆனால் அவ்விதிகளைச் சுமந்தோர் எவரும் அவற்றைச் சரிபார்த்தோருள் இல்லை, பெண்களும் இல்லை. எனவே, அத்தொகுப்பு தருவது அக்கால யாழ்ப்பாணத்தின் நடைமுறை முழுவதையுமன்று. நிலமும் பதவியும் உடையோர் எதனை நடைமுறையாக ஏற்றுக்கொண்டனர் என்பதையே அது தருகின்றது. நெறி வேறு, நடைமுறை வேறு. ‘எங்கள் ஊரில் இப்படித்தான் வழக்கம்’ என்று ஒருவர் கூறும்போது அவர் கூறுவது இவ்விரண்டில் எது என்பதை ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் வினவ வேண்டும்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. எழுதப்பட்ட வழக்கம் சட்டமாயிற்று. சட்டம் மீண்டும் சமூகத்தை வடிவமைத்தது. ஆய்வு ஏட்டில் முடிந்துவிடும் காரியமன்று. அது பிழைபடும்போது அதன் விளைவைத் தாங்குவோர் பெரும்பாலும் ஆய்வில் கேட்கப்படாதோரே.

2. சொல்லை வரையறுத்தல்

மானிப்பாய்க்கும் சொற்பொருள் வரையறைக்கும் பழைய தொடர்பு உண்டு. ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்ட யாழ்ப்பாண அகராதி 1842இல் மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வெளிவந்து, மானிப்பாய் அகராதி என்றே பெயர்பெற்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயைத் தளமாகக் கொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். அதற்கு அவர் முதலிற் செய்ய வேண்டியிருந்தது கலைச்சொல்லாக்கமே. ஒரு சொல் ஒரே பொருளைச் சுட்டாதவிடத்து மருந்தும் தவறும், ஆய்வும் தவறும்.

‘குடும்பம்’ என்ற எளிய சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒரே வளவில் இரு அடுப்புகள் எரியின் அது ஒரு குடும்பமா, இரண்டா? கனடாவிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்பும் மகன் அக்குடும்பத்தின் உறுப்பினனா? அவனைச் சேர்த்தால் ஆளுக்கான வருமானம் ஒரு வகையாகவும், விட்டால் வேறு வகையாகவும் வரும். ‘காணியற்றோர்’ என்ற சொல்லும் அத்தகையதே. உறுதி இல்லாதவரா, குடியிருக்க நிலமில்லாதவரா, பயிரிட நிலமில்லாதவரா? ஒற்றிக்கும் குத்தகைக்கும் தோட்டஞ் செய்பவர் எப்பிரிவில் அடங்குவர்? இவற்றை முதலிலேயே வரையறுத்து எழுதிவைத்தல் வேண்டும். முடிவு தெரிந்தபின் வரையறையை வளைப்பது ஆய்வாகாது.

3. வினாவிலிருந்து திட்டத்துக்கு

ஆய்வுத் திட்டம் என்பது வினாவுக்கும் சான்றுக்கும் இடையிலான வழியை முன்னரே வகுத்துக்கொள்வதாகும். ‘மானிப்பாயில் சமூக மாற்றம்’ என்பது தலைப்பே தவிர வினாவன்று. ‘வெளிநாட்டிலிருந்து வரும் பணம், காணியற்ற குடும்பங்கள் காணியுடையோரைச் சார்ந்திருக்கும் நிலையைக் குறைத்துள்ளதா?’ என்பது வினா. இதற்கு, ‘வெளிநாட்டுப் பணம் பெறும் காணியற்ற குடும்பங்கள், அது பெறாத காணியற்ற குடும்பங்களைவிடக் காணியுடையோரிடம் கூலிக்கும் கடனுக்கும் குறைவாகவே செல்கின்றன’ என்பது ஒரு கருதுகோள். இது பொய்த்துப்போகக் கூடியது என்பதே இதன் தகுதி. எத்தகைய சான்று கிடைத்தாலும் பொய்க்க முடியாத கூற்று நம்பிக்கையாகலாம், கருதுகோளாகாது.

இங்கு ஒப்பீடு யாருக்கும் யாருக்கும் இடையில் நிகழ்கின்றது என்பதும் கருதத்தக்கது. பணம் பெறும் குடும்பங்களை மாத்திரம் ஆராய்ந்து, அவை முன்னேறியுள்ளன என்று கூறுவதாற் பயனில்லை. பயணத்திற்கு முதலீடு செய்யக்கூடியவரே வெளிநாடு சென்றிருத்தலும் கூடும். அவ்வாறாயின் முன்னேற்றத்திற்குக் காரணம் பணமா, பணத்திற்கு முன்பே இருந்த வசதியா என்ற கேள்வி எழும். இரு நிகழ்வுகள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றையதன் காரணமாகிவிடாது.

4. மாதிரியும் இடாப்பும்

எல்லோரையும் கேட்டறிய இயலாதவிடத்து மாதிரி எடுக்கின்றோம். எழுமாற்று மாதிரியில் ஒவ்வொருவரும் தெரிவுசெய்யப்படும் வாய்ப்பு முன்கூட்டியே அறியப்பட்டிருக்கும். ஆனால் அது எந்தப் பெயர்ப்பட்டியலிலிருந்து எடுக்கப்படுகின்றதோ, அப்பட்டியலின் குறைகளை அதுவும் சுமக்கும். 1936இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்றது. லாண்டன் வெல்வார் என அது கூறிற்று. ரூஸ்வெல்ற் பெருவெற்றி பெற்றார். பெயர்கள் பெரும்பாலும் தொலைபேசி, மோட்டார் வாகன உரிமையாளர் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டமையும், விடையளிக்க முன்வந்தோர் ஏனையோரினின்றும் வேறுபட்டமையும் இதற்குக் காரணங்கள். மாதிரியின் பருமன் அதன் பக்கச்சார்பைப் போக்குவதில்லை.

நமது பகுதியில் இச்சிக்கல் இன்னுங் கடுமையானது. வாக்காளர் இடாப்பைக் கொண்டால், பெயர் இருந்து ஆள் இல்லாத பூட்டிய வீடுகளும், ஆள் இருந்து பெயர் வேறிடத்தில் உள்ள குடும்பங்களும் எதிர்ப்படும். காணி உறுதிகளைக் கொண்டால் உடையோர் மாத்திரமே தோன்றுவர். கோயிற் காணியிலும் பிறர் காணியிலும் தலைமுறைகளாகக் குடியிருப்போர் அதில் இரார். 1990க்குப் பின் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து முகாம்களிலும் வாடகை வளவுகளிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தோரின் நிலையும் இதுவே. வீட்டுத்திட்டமொன்றிற்குப் பயனாளிகளைத் தெரியும்போது காணிக்கான ஆதாரம் கேட்கப்படின், காணியில்லாமையே வறுமைக்குக் காரணமாயுள்ளவர் வறியோர் பட்டியலிலிருந்து விலக்கப்படுவர். இடாப்பு என்பது வெறும் தொழில்நுட்பச் சங்கதி என எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். ஆய்வாளர் தெருத்தெருவாகச் சென்று தாமே வீட்டுப் பட்டியலைத் தயாரிப்பது கடினமான வேலை. தவிர்க்க முடியாத வேலையும் அதுவே.

5. எண்களை வாசித்தல்

எண்ணுக்குத் தனியே பேசும் ஆற்றல் இல்லை. பத்துக் குடும்பங்கள் கொண்ட ஒரு குறிச்சியைக் கற்பனை செய்வோம். இரு குடும்பங்களுக்குத் தலா 41 பரப்பு; மூன்று குடும்பங்களுக்குத் தலா 6 பரப்பு; ஐந்து குடும்பங்களுக்குக் காணியே இல்லை. மொத்தம் 100 பரப்பு. சராசரி 10 பரப்பு. ஆனால் பத்துப் பரப்புக் காணியுள்ள குடும்பம் அங்கு ஒன்றுகூட இல்லை. இடையம் 3 பரப்பே. லெனின் 1899இல் வெளியிட்ட ‘ரஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி’ என்னும் நூலில் இதனையே வற்புறுத்தினார். உள்ளூராட்சி மன்றங்கள் திரட்டிய விரிவான புள்ளிவிவரங்களை அவர் புறக்கணிக்கவில்லை. சராசரிக்குள் மறைந்திருந்த விவசாயிகளின் வர்க்கப் பிரிவினையை, அவ்விவரங்களை வேறு வகையில் வகுத்து வெளிக்கொணர்ந்தார்.

காலவரிசை ஒப்பீட்டிலும் எச்சரிக்கை வேண்டும். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் தொகை ஏறத்தாழ 8,30,000. முழு நாட்டையும் உள்ளடக்கிய அடுத்த கணக்கெடுப்பு 2012இலேயே நடைபெற்றது. அதில் மாவட்டத்தின் தொகை ஏறத்தாழ 5,83,000. வீழ்ச்சி 2,47,000 என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அப்பகுதியை 1981இன் தொகையிலிருந்து நீக்கினால் அது ஏறத்தாழ 7,39,000 ஆகும். வீழ்ச்சி ஏறத்தாழ 1,56,000. போரும் புலப்பெயர்வும் விளைத்த இழப்பு பெரிது. அதனை மிகைப்படுத்திக் கூறத் தேவையில்லை. பிழையான ஒப்பீடு ஒன்று வெளிப்படின், மெய்யான இழப்பும் மறுக்கப்படும்.

6. ஒரு கணமும் ஒரு காலமும்

ஓராண்டுக் கள ஆய்வு சமூகத்தை ஒரு நிழற்படம்போல நிறுத்திக் காட்டும். அசைவைக் காண மீள்பார்வை வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பேட் சிலேற்றர் தம் மாணவரைக் கொண்டு ஆராய்வித்த தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூல் 1918இல் வெளிவந்தது. அக்கிராமங்கள் 1930களிலும் அதன் பின்னரும் மீண்டும் ஆராயப்பட்டன. மார்க்சிய மானிடவியலாளரான கதலீன் கவ், 1950களின் தொடக்கத்தில் தாம் ஆராய்ந்த தஞ்சைக் கிராமங்களுக்கு 1976இல் மீண்டும் சென்றார். யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பை 1950களில் ஆராய்ந்த மைக்கல் பாங்ஸின் கட்டுரை 1960இல் வெளியாயிற்று. சில ஆண்டுகளிலே, 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்றது. ஓர் அமைப்பு எவ்வாறு நிலைபெறுகின்றது என்பதோடு, அதற்குள் எவ்வெதிர்ப்புகள் வளர்கின்றன என்பதையும் வினவாத ஆய்வு பாதி ஆய்வேயாகும்.

இலக்கியம் இவ்விடத்தில் துணைபுரியும். கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தது. காணி உறுதிகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும் இடம்பெறாத அடக்குமுறையின் அன்றாட நுட்பங்களை அதில் காண்கின்றோம். எனினும் நாவலைப் புள்ளிவிவரமாகக் கொள்ளலாகாது. எதனைத் தேட வேண்டும், எந்த மௌனத்தின் பின்னால் எது இருக்கும் என்பதற்கு அது வழிகாட்டும். வாய்மொழிச் சான்று, ஆவணம், நேரடி அவதானிப்பு ஆகியவற்றோடு ஒப்புநோக்கிய பின்னரே முடிவுக்கு வருதல் தகும்.

7. ஆய்வாளரின் நிலை

கேட்பவர் யார் என்பதும் விடையைத் தீர்மானிக்கின்றது. சாதி, பால், வர்க்கம் என்பன நேர்காணலின்போது வாசலில் கழற்றிவைக்கப்படுவன அல்ல. காணிக்காரரின் உறவினர் ஒருவருடன் சென்று கூலி விபரம் கேட்டாற் கிடைக்கும் விடை ஒன்று; தனித்துச் சென்று பலமுறை பழகியபின் கிடைக்கும் விடை வேறு. கணவர் அருகிலிருக்க மனைவியிடம் கடனைப் பற்றிக் கேட்பதும் அத்தகையதே. போர்க்காலத்தைக் கடந்து வந்த மக்களிடையே பெயர் எழுதுவோர்மீது அச்சம் இருப்பது இயல்பு. அவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்குதல் தகாது. அதுவும் ஒரு தரவு. விடையளிக்க மறுப்பதற்கு அவர்களுக்கு உரிமையுண்டு என்பதை முதலிலேயே கூறுதல் வேண்டும். சிறிய ஊரில் பெயரை மறைத்தாற் போதாது. தொழிலையும் குறிச்சியையும் சேர்த்து எழுதினால் ஆளை எவரும் இனங்கண்டுவிடுவர்.

ஆய்வின் முடிவு எங்கு செல்கின்றது என்பது இறுதியான கேள்வி. நம் பகுதி பற்றிய பல ஆய்வுகள் பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. ஆராயப்பட்டோர் அவற்றை வாசித்து மறுக்கவும் திருத்தவும் வாய்ப்பற்றிருந்தனர். 1707இல் பன்னிரு முதலியார்களுக்கு வழங்கப்பட்ட சரிபார்க்கும் உரிமையை ஊரவர் அனைவருக்கும், முதன்மையாக அன்று கேட்கப்படாதோரின் வழிவந்தோருக்கு, வழங்குதல் வேண்டும். ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி வாசிகசாலையிலும் சனசமூக நிலையத்திலும் வாசித்துக் காட்டலாம். அங்கு எழும் மறுப்புகளை ஆய்வேட்டிலே பதிவுசெய்வதும் ஆய்வு முறையின் ஓர் அங்கமாகவே கொள்ளப்படுதல் வேண்டும். பல்கலைக்கழக மாணவர் தத்தம் ஊர்களில் சிறிய அளவிலேனும் இதனைத் தொடங்கலாம். முதலில் வேண்டுவது ஒரு வீட்டுப் பட்டியல். அதில் குச்சொழுங்கையின் கடைசி வீடும் இடம்பெறுதல் வேண்டும்.