வாக்கு இயந்திரத்துக்கு ஏன் நெட்வொர்க் இல்லை?

ஏடிஎம்மில் கார்டைச் செருகி, பின் எண்ணை அழுத்துகிறோம். நம் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. அது வங்கியின் சர்வரைக் கேட்கிறது. சர்வர் சரிபார்த்து அனுமதித்த பிறகே பணம் வரும். இணைப்பு அறுந்தால், பெட்டி நிறையப் பணம் இருந்தும் நமக்குக் கிடைக்காது. இது நெட்வொர்க் கணினி. எந்த ஊரிலும் ஒரே கணக்கைப் பார்க்க முடிவது இதன் பலம்.

இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் இதற்கு நேர்மாறு. வாக்காளர் பொத்தானை அழுத்தும் பகுதியும், அதிகாரியின் மேஜையில் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியும் கேபிளால் மட்டுமே இணைகின்றன. இணையம், வைஃபை, புளூடூத் எதுவும் கிடையாது. வாக்குகள் கட்டுப்பாட்டுப் பகுதியின் நினைவகத்திலேயே பதிவாகின்றன. அதனால்தான் இயந்திரங்களைச் சீல் வைத்து எண்ணும் மையத்துக்குச் சுமந்து செல்கிறார்கள்.

ஏன் இந்தச் சிரமம்? நெட்வொர்க்கில் ஒரு வாசல் திறந்தால், பல கணினிகளை எட்டலாம். தனித்தனி இயந்திரங்களில் முறைகேடு செய்ய, ஒவ்வொன்றையும் நேரில் நெருங்க வேண்டும்.

ஆனால், தனியாக இருப்பதே முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. இணையத்தோடு இணைக்காத கணினிக்குள்ளும் பென் டிரைவ் வழியாக வைரஸ் நுழையும். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் அப்படிப் பரவக்கூடியதுதான். அதனால், வீட்டுக் கணினியிலும் அறியாத பென் டிரைவைச் செருகாதீர்கள்.