தோலே குடை, தோலே போர்வை

சித்திரை வெயில் தலையைப் பிளக்கும்போது மனிதனுக்கு வழிகள் பல உண்டு. குடை பிடிக்கலாம், வேப்பமரத்து நிழலில் ஒதுங்கலாம், இளநீர் வாங்கிப் பருகலாம், மின்விசிறியின் கீழ்ப் பாயை விரிக்கலாம். இவற்றுள் ஒன்றும் கிட்டாதவனுக்கும் இயற்கை அளித்த வியர்வை இருக்கவே இருக்கிறது. நுவரெலியாக் குளிருக்குக் கம்பளிச் சட்டை இருக்கிறது. ஆனால், அதே சித்திரை வெயிலில் கொதிக்கும் முற்றத்து மணலைக் குறுக்கறுத்து ஓடுகிறதே ஓர் எறும்பு, அதற்குக் குடை பிடிப்பார் யார்? மார்கழிப் பனியில் நனைந்து வேலியோரம் ஒட்டிக்கிடக்கும் வண்ணத்துப்பூச்சிக்குப் போர்வை தருவார் யார்?

இந்த வினா என்னை நெடுநாள் விடாது பற்றியிருந்தது. விஞ்ஞானிகள் எழுதிவைத்தவற்றைத் தேடிப் படிக்கப் படிக்க ஓர் உண்மை புலனாயிற்று. பூச்சியினத்தின் குடையும் போர்வையும் வேறெங்கும் இல்லை. அவற்றின் மேனியிலேயே இருக்கின்றன. நாம் வெறும் ஓடென்றும் தோலென்றும் மயிரென்றும் எண்ணிக் கடந்து செல்லும் அந்தப் புறப்பரப்பே வெயிலோடும் குளிரோடும் இடையறாது வழக்காடி அவற்றின் உயிரைக் காத்துவருகிறது.

கூழ்ப்பானையும் பிலாவும்

முதலில், பூச்சிக்கு மட்டும் தோல் ஏன் இத்துணை முக்கியமாகின்றது என்பதைக் காண்போம். ஒடியற்கூழ் காய்ச்சும் வீட்டில் இதற்கு விடை உண்டு. பானையிலுள்ள கூழ் நெடுநேரம் சுடச்சுட இருக்கும். பனையோலைப் பிலாவில் வார்த்த கூழோ நாலு வாய் ஊதிக் குடிப்பதற்குள் ஆறிவிடும். கூழ் ஒன்றே, அடுப்பும் ஒன்றே. அளவிலேதான் வேற்றுமை.

ஒரு சதமமீற்றர் நீள அகல உயரமுள்ள பனங்கட்டித் துண்டொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 6 சதுர சதமமீற்றர். அதனையே எட்டுச் சமதுண்டுகளாக வெட்டினால் பனங்கட்டி ஓர் அணுவும் கூடுவதில்லை; மேற்பரப்போ 12 சதுர சதமமீற்றராகிவிடுகிறது. உருவம் சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் பொருளுக்கு ஒப்பிட்டால் மேற்பரப்புப் பெருகிக்கொண்டே போகும். யானைக்கு உடல் பெரிது, தோல் சிறிது. எறும்புக்கு உடல் சிறிது, தோல் பெரிது என்று கூறினாலும் பொருந்தும். ஆகவே எறும்பு ஒரு கணத்திற் சூடேறும். மறு கணத்திற் குளிர்ந்துவிடும். உள்ளே வெப்பத்தைச் சேமித்து வைக்க அதற்கு இடமில்லை. நடப்பதெல்லாம் வாசலிலேயே நடந்தாக வேண்டும். அந்த வாசலே அதன் தோல்.

மெழுகுப் பூச்சு

அப்படியானால் பூச்சியும் நம்மைப்போல் வியர்த்துக் குளிரலாமே என்று கேட்கத் தோன்றும். வியர்க்கலாம்; ஆனால் அத்தனை சிறிய உடலில் உள்ள நீர் எவ்வளவு? இவ்வளவு பெரிய பரப்பினூடாக நீரை ஆவியாக விட்டால் சிறிது நேரத்திலேயே பூச்சி சருகாகிவிடும். ஆகவே பெரும்பாலான பூச்சிகள் அந்த வழியை அடைத்துவிட்டன. கைற்றினும் புரதமும் சேர்ந்த அவற்றின் புறத்தோலின்மேல், ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கினும் மெல்லியதாக ஒரு மெழுகுப் படை பூசப்பட்டிருக்கிறது. உள்ளிருக்கும் நீரைப் பூட்டிவைக்கும் பூட்டு அதுவே.

பூச்சிகளின் உடற்றொழிலியலுக்கு அடிகோலியவர்களுள் ஒருவரான ஆங்கிலேய அறிஞர் வின்சென்ற் விகிள்ஸ்வேர்த், 1945இல் இந்த மெழுகின் அருமையைத் தெளிவாகக் காட்டினார். ஓர் எல்லைக்கு மேற் சூடேற்றினால் மெழுகின் கட்டுக் குலைந்து, நீர் மளமளவென்று வெளியேறுகிறது. சூடேற்றாமலே நுண்ணிய பொடியினால் தோலைத் தேய்த்துவிட்டாலும் அதே கதிதான். பூச்சி உலர்ந்து மடிகிறது. இதைப் படித்தபோது என் அம்மம்மாவை நினைத்துக்கொண்டேன். பயற்றுக்குள் அடுப்புச் சாம்பலைக் கலந்து பானையில் இட்டு வாய்கட்டி வைப்பது அவர் வழக்கம். “வண்டு அண்டாது” என்பார். ஏன் அண்டாது என்று அவர் விளக்கியதில்லை. அந்தச் சாம்பலின் வேலையில் மெழுகைச் சுரண்டுவதும் ஒரு பகுதி என்பது இப்போது விளங்குகிறது.

நீரை விட இயலாது. வெயிலிலும் நடமாட வேண்டும். இந்த இக்கட்டை ஒரு பூச்சி எவ்வாறு தீர்த்துக்கொண்டது என்பதற்குச் சஹாராப் பாலைவனத்து எறும்பைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை.

வெள்ளிச் சட்டை அணிந்த எறும்பு

நண்பகல். மணலின் வெப்பம் 60 பாகை செல்சியஸைக் கடந்து 70ஐ நெருங்குகிறது. ஒட்டகமும் நிழல் தேடும் நேரம் அது. அந்த வேளையிலேதான் சஹாரா வெள்ளி எறும்புகள் புற்றைவிட்டு வெளிப்படுகின்றன. முன்னரே வந்தால் என்ன? வரமுடியாது; புற்றருகே பல்லியினங்கள் காத்திருக்கும். பல்லிகள் வெப்பம் பொறாது வளைக்குள் ஒதுங்கும் வரை எறும்பு பொறுத்திருக்கிறது. ஆனால் அதிகம் பொறுக்கவும் முடியாது. தன் உடல் 53.6 பாகையை எட்டினால் அதுவும் நிலைகுலைந்து வீழும். பல்லி உறங்கப் போவதற்கும் தான் வெந்து மடிவதற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களே அதன் உழைப்பு நாள். சூரிச் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் றூடிகர் வேனர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தகைய பாலைவன எறும்புகளோடு கழித்து இதனை உலகுக்குக் கூறினார். வெப்பந் தாளாது செத்து விழுந்த பிற பூச்சிகளே இந்த எறும்பின் உணவு. மற்றவை மாளும் வெயிலில் இது வாழ்கிறது.

எப்படி? அதன் முதுகையும் பக்கங்களையும் வெள்ளிபோற் பளபளக்கும் மயிர் மூடியிருக்கிறது. 2015இல் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோமன் ஷி, நான்ஃபாங் யூ ஆகியோரும் வேனரும் பிறரும் கூடி இம்மயிரின் மர்மத்தை வெளியிட்டனர். இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் குறுக்கே நோக்கியபோது, ஒவ்வொரு மயிரும் உருண்டையாக இல்லை, முக்கோணமாக இருந்தது! பாடசாலையில் ஒளியைச் சிதறடித்துக் காட்டுவார்களே கண்ணாடி அரியம், அதன் நுண்ணுருவம். மேலிருந்து புகும் ஒளி அம்முக்கோணத்தின் அடித்தளத்தில் மோதி முழுவுட்டெறிப்பு அடைந்து வந்தவழியே வானுக்குத் திரும்பிவிடுகிறது. மயிர் இருக்கையில் எறும்பு தன்மேல் விழும் சூரிய ஒளியில் நூற்றுக்கு 67 பங்கைத் திருப்பியனுப்பியது. மழித்துவிட்டுப் பார்த்தபோது அது 41 பங்காகக் குறைந்தது.

அதிசயம் இத்தோடு முடியவில்லை. வெயிலில் நிற்கும் எந்தப் பொருளும் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர்களாகத் தானும் வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். பளபளப்பான பொருள்கள் பொதுவாக இதிற் கஞ்சத்தனம் செய்பவை. வெள்ளி மயிரோ அக்கதிர்களுக்கு மட்டும் கதவை அகலத் திறந்துவிடுகிறது. சூரியனின் ஒளியை வராதே என்று தள்ளும் அதே மயிர், உடலின் வெப்பத்தைப் போய்வா என்று வழியனுப்புகிறது. சூரியனை நீக்கிப் பார்த்தால் தெளிந்த வானம் குளிர்ந்ததொரு பெருவெளி. அங்கேதான் அவ்வெப்பம் சென்று சேர்கின்றது. இவ்விரு செயலும் கூடி எறும்பின் உடலை 5 முதல் 10 பாகை வரை குளிர்விக்கின்றன. அந்த ஐந்து பாகைதான் உயிருக்கும் சாவுக்கும் இடையே உள்ள தூரம்.

வயிற்றின் அடிப்புறத்தில் மட்டும் இந்த மயிர் இல்லை. காரணம் நுட்பமானது. வெப்பத்தை நன்றாக வெளிவிடும் பரப்பு அதனை நன்றாக உள்வாங்கவும் செய்யும். கீழே இருப்பதோ உடலைக் காட்டிலும் சூடான மணல். ஆகவே மணலை நோக்கிய பக்கத்தில் அந்தக் கதவு வைக்கப்படவே இல்லை. நெடிய கால்கள் உடலை மணலினின்று உயர்த்திப் பிடிக்கின்றன. வினாடிக்கு 85 சதமமீற்றருக்கு மேல் ஓடும் எனத் துனீசியாவில் அளந்தறிந்து 2019இல் எழுதினர். அது தன் உடலின் நீளத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான தூரம்.

வியர்க்கும் சிள்வண்டு

எந்த விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. பூச்சி வியர்க்காது என்ற விதியை மீறியது, அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்துச் சிள்வண்டு. வெளிக்காற்று 40 பாகையைக் கடந்த நண்பகலிலும் அது மரத்திலிருந்து ஓயாது பாடும். அதன் புறத்தோலில் உள்ள நுண்டுளைகள் வழியாக நீர் வெளிப்பட்டு ஆவியாகி உடலைக் குளிர்விப்பதை எரிக் ரூல்சன் 1987இல் எடுத்துக்காட்டினார். எறும்புக்கு இல்லாத இந்தத் தாராளம் இதற்கு எங்கிருந்து வந்தது? சிள்வண்டு மரத்தின் சாற்றிலே வாயை வைத்திருக்கிறது. வேர் ஆழத்தில் உறிஞ்சும் நீர் முழுவதும் அதற்குக் கிணறு. மரம் உள்ளவரை வியர்வைக்குக் குறைவில்லை. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

கம்பளி போர்த்த தேனீ

இனிக் குளிரின் பக்கம் திரும்புவோம். பம்பிள் தேனீ என்றொரு பருத்த தேனீ குளிர்நாடுகளில் உண்டு. நம் நாட்டில் இல்லை. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரிலும் அது பூத்தேடிப் பறக்கும். பறக்கும் தசைகள் இயங்க வேண்டுமாயின் நெஞ்சறை சுமார் 30 பாகையாவது சூடாக இருத்தல் வேண்டும். செட்டையை அசைக்காமல் தசைகளை மட்டும் நடுங்கவிட்டு அது அச்சூட்டை உண்டாக்குகிறது. உண்டாக்கிய சூடு பிலாக்கூழ்போல் ஆறிவிடாமற் காப்பது நெஞ்சறையைப் போர்த்திய அடர்ந்த மயிர்க் கம்பளி.

ஆனால் கம்பளியைக் கழற்ற முடியாதவன் வெயில் ஏறியதும் என்ன செய்வான்? பேண்ட் ஹைன்றிச் என்னும் ஆய்வாளர் இதற்கு விடை கண்டார். தேனீயின் வயிற்றின் அடிப்பக்கத்தில் மயிர் மிகவும் அருகி இருக்கிறது. சூடு மிஞ்சும்போது சுடுகுருதி நெஞ்சறையிலிருந்து வயிற்றுக்குப் பாய்ந்து, அந்தத் திறந்த பலகணி வழியே வெப்பத்தைக் கொட்டிவிடுகிறது. இராணித் தேனீயோ முட்டைகளின்மேல் அதே வெற்றுப் பகுதியை அழுத்திக்கொண்டு கோழிபோல் அடைகாக்கிறது.

உணர்வுள்ள செட்டையும் ஒற்றைக்கால் தவமும்

வண்ணத்துப்பூச்சியின் செட்டை உயிரற்ற மெல்லிய தகடு என்று பலரும் எண்ணுவர். காலை வெயிலில் அது செட்டையை விரித்து உடலைச் சூடாக்கிக்கொள்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். எனினும் 2020இல் கொலம்பியா, ஹாவாட் பல்கலைக்கழக அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றிற்று. செட்டையின் நரம்புகளில் உயிருள்ள கலங்கள் உண்டு. அவை மிகுவெப்பம் தாங்கா. ஆகவே அந்த நரம்புகளின் மேலுள்ள செதில்கள் வெப்பத்தை அதிகமாக வெளிவிடும்படி அமைந்திருக்கின்றன. ஒரே செட்டையில் உயிருள்ள பகுதி குளிர்ந்தும் ஏனைய பகுதி சூடாகவும் இருக்கிறது! செட்டையின்மேல் ஒளிப்பொட்டொன்றைப் பாய்ச்சினால் பூச்சி அதனை உணர்ந்து விலகுகிறது.

தோலை மாற்ற முடியாதபோது, வெயிலுக்குக் காட்டும் தோலின் அளவை மாற்றலாம். இரணைமடுக் குளக்கட்டில் ஒரு பங்குனி நண்பகலில் நான் இதைக் கண்டேன். நட்டுவைத்த தடியொன்றின் நுனியில் செந்தும்பி ஒன்று தலைகீழாக நிற்பதுபோல் வாலை நேரே சூரியனை நோக்கி உயர்த்தி அசையாது நின்றது. தவஞ் செய்கிறது போலும் என்று முதலில் நகைத்தேன். சற்றுநேரம் நின்று நோக்கியபின்பே அதன் நிழல் ஒரு சிறு புள்ளியாகச் சுருங்கியிருந்ததைக் கவனித்தேன். கதிர்களுக்கு நேராக உடலை நிறுத்தினால் வெயில்படும் பரப்பு மிகமிகக் குறைந்துவிடும். தும்பி தன் உடலையே தனக்குக் குடைக்காம்பாக்கியிருந்தது.

எல்லைக்கோட்டில் வாழ்வு

இத்தனை நுட்பங்களையும் வியந்துவிட்டு அமர்ந்துவிடலாம். ஆயின் ஒரு கவலை மிஞ்சுகிறது. உலகம் சூடேறிவருகிறது. குளிர்நாடுகளிலேதான் சூடு அதிகம் ஏறுகிறது. ஆதலால் அங்குள்ள பூச்சிகளுக்கே ஆபத்து அதிகம் என்று நினைக்கத் தோன்றும். கேற்றிஸ் டொய்ச் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கணிப்பு இதற்கு மாறானது. குளிர்நாட்டுப் பூச்சிகள் தமக்கு உகந்த வெப்பத்திற்குக் கீழே வாழ்கின்றன. சிறிது ஏறினாலும் தாங்கும். அயனமண்டலப் பூச்சிகளோ உகந்த வெப்பத்தை ஏற்கெனவே நெருங்கிவிட்டன. ஓரிரு பாகை ஏறினாலும் எல்லையைக் கடந்துவிடும். அந்த அயனமண்டலம் வேறெதுவுமன்று. நாம் வாழும் மண்ணும் அதனுள் அடங்கியதே.

வெள்ளி எறும்பின் மயிர் ஒருநாளில் முளைத்ததன்று. எண்ணிறந்த தலைமுறைகள் பாலையில் வெந்து பெற்ற பரிசு அது. நம் தோட்டத்துத் தேனீக்கும் தும்பிக்கும் அத்தகைய அவகாசம் இல்லை. அவற்றுக்கு உடனே கிட்டக்கூடிய குடை ஒன்றே ஒன்று: நிழல். கிளுவையும் பூவரசும் நட்ட உயிர்வேலிகளைப் பிடுங்கி மதிலெழுப்பும் வழக்கம் நம்மிடையே பெருகிவருகிறது. வேலி வெறும் எல்லை என்று நாம் கருதுகிறோம். பூச்சிக்கு அதுவே நண்பகற் சத்திரம். சிள்வண்டினங்களுக்கு அதுவே கிணறு. பூசணிக்கும் பாகலுக்கும் மகரந்தம் சுமப்பவை இப்பூச்சிகளே என்பதைக் கமக்காரர் அறிவர். தோலினால் ஆகக்கூடியதையெல்லாம் அவை செய்துமுடித்துவிட்டன. மிச்சத்தைச் செய்ய நம் வேலியோரத்தில் ஒரு கதியால் ஊன்றினாலே போதும். மாரி தொடங்கும் காலம் அதற்கு ஏற்றது.